ஆளுக்கேற்ற காற்று

சின்னம்மைக்குக் கொழுந்து எடுக்க வராது. இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் ஒரு பயனும் இல்லை. இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தவழ்ந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் மற்றப் பெண்கள் இரண்டு கையாலும் பறித்து முதுகுக் கூடையில் எறிந்துகொண்டே ஊர்க்கதை பேசும்போது, இவள் ஒரு கையால் பறித்துக்கொண்டு மறுகையை இடுப்பில் வைத்து மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துத் தராசில் அவள் கூடையைத் தொங்கவிட்டால் முள் ஏதோ கடமைக்கு நகரும். நிறுவை பார்க்கும் கந்தன் கணக்கப்பிள்ளை அதிலும் கூடைக்கு இரண்டு கிலோ, மழைத் தண்ணீருக்கு இரண்டு கிலோ என்று கழித்துவிட்டு "அரைப்பேர்" என்று எழுதுவார். அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. இந்த எஸ்டேட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் முழுப்பேர் வாங்கியது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கேலி பேசுவார்கள்.

அது எழுபத்தைந்தாம் வருடம். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த சனங்கள் மண்டபம் முகாமில் தங்கிவிட்டுத் தொகுதி தொகுதியாகத் தேவாலாப் பக்கம் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மையும் அவள் புருசன் காத்தமுத்துவும் முகாமில் பதினோரு மாதம் இருந்துவிட்டு, வெள்ளேரிமட்டம் எஸ்டேட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காத்தமுத்து விறகு வெட்டப் போவான். இரண்டு பேர் பெயரும் தற்காலிகப் பதிவில்தான் இருந்தன. ஜூலை மாதம் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். முகாமிலிருந்து புதிதாக ஆட்கள் வருகிறார்கள், ஆகஸ்ட் கடைசிக்குள் குடும்பத்தில் ஒருவர் பெயராவது நிரந்தரம் ஆகாவிட்டால் லயத்துக் காம்பராவைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது.

காம்பரா என்பது ஒரே ஒரு அறை. மழைக்காலத்தில் மூன்று இடத்தில் ஒழுகும். அந்த ஒழுகுகிற கூரைமேல் சின்னம்மைக்கு அப்படி ஓர் ஆசை. கட்டிய சாமானை அவிழ்த்து, அவிழ்த்த சாமானைக் கட்டி, அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது. இன்னொரு தடவை மூட்டை கட்டச் சொன்னால் சொன்னவனை அடித்துவிடுவேன் என்று காத்தமுத்துவிடம் சொல்லி வைத்திருந்தாள். அவனும் அந்தச் செய்தியை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று தெரியாமல் தலையை ஆட்டினான்.

அந்தச் சமயத்தில்தான் தப்பால்காரர் வேலையை விட்டுப் போனார். தேவாலாத் தபால் ஆபீசுக்குப் போய் எஸ்டேட்டுக்கு வரும் கடிதப் பையை வாங்கி வருகிற வேலை அது. நிரந்தர வேலை. தூரம் ஏழு கிலோமீட்டர், அதற்கென்று எஸ்டேட் சைக்கிள் ஒன்றும் உண்டு. "எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும்" என்று சின்னம்மை ஆபீஸ் வாசலில் போய் நின்றபோது உள்ளே இருந்த எழுத்தர்கள் எல்லாம் பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். முகாமில் வாடகைச் சைக்கிள் எடுத்துக் கடற்கரை மணலில் பழகியவள் அவள். சேலையைத் தூக்கிச் செருகி, கொழுந்துக்குக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டால் அவளுக்கு ஒரு தடையும் இல்லை.

போட்டிக்கு வந்த இன்னொருவர் பரமசிவன். பாக்டரியில் தூள் காயவைக்கிற டிரையர் அடுப்புக்குப் பக்கத்தில் பத்து வருடமாக வெந்துகொண்டிருந்தவர். ஊட்டிக் காந்தலில் பிறந்து குளிரிலேயே வளர்ந்த உடம்புக்கு அந்த அனல் ஒத்துவரவில்லை. நல்ல மனிதர், வாய் நிறையச் சிரிப்பு, ஆள் மட்டும் இரண்டு ஆள். அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் சைக்கிள் முனகுவது பாலம் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

துரை, அதாவது மேனேஜர், குன்னூரில் படித்த தமிழர். வெள்ளைக்காரன் போய்ப் பல வருடம் ஆகியும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரைதான். அவர் ஒரு சோதனை வைத்தார். திங்கள் முதல் சனி வரை இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் போக வேண்டும். தேவாலாவில் ஒன்பது மணிக்குப் பை கொடுப்பார்கள், பத்து மணிக்குள் அது ஆபீஸ் மேஜைமேல் இருக்க வேண்டும். விழக்கூடாது, பஞ்சர் ஆகக்கூடாது, பை நனையக்கூடாது. யார் தேறுகிறாரோ அவருக்கு வேலை.

சைக்கிள் ஒன்றுதான். பழைய வெள்ளைக்காரத் துரைசாணி விட்டுப்போன, நடுவில் பார் இல்லாத சைக்கிள். அது நிற்கும் கொட்டகைச் சுவரில், காற்றுக்கு ஐம்பது என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்து எழுத்து. மிஷின் பழுது பார்க்கும் பிட்டர் ஏகநாதன், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், வாரம் ஒருமுறை முள் வைத்த கால்பம்பால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஐம்பது பவுண்டு வரும்வரை காற்றடித்து வைப்பார். எதற்கு ஐம்பது என்று யாரும் கேட்டதில்லை. சாமி படத்துக்குச் சூடம் காட்டுகிற மாதிரி அது அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை பரமசிவன் போய் நல்லபடியாகத் திரும்பினார். செவ்வாய்க்கிழமை சின்னம்மை போனாள். எஸ்டேட் ரோடு ஜல்லி பெயர்ந்து கிடந்தது. வளைவுகளில் மழைக்குச் சேறு வழுக்கியது. சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் துள்ளித் துள்ளி அவளைத் தூக்கிப் போட்டது. கொண்டை அவிழ்ந்தது, பல் கிடுகிடுத்தது. இரண்டாவது வளைவில் சக்கரம் சேற்றைப் பிடிக்காமல் நழுவி, அவள் ஒரு பக்கம், பை ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். முழங்கையில் தோல் போயிற்று. பத்துப் பத்துக்கு ஆபீசுக்குள் நுழைந்தபோது கடிதங்களைவிட அவள்மேல்தான் சேறு அதிகம் இருந்தது.

"மண்டபத்து மணல்ல ஒருநாளும் விழாதவ, ரோட்டுல விழுந்துட்டேனே" என்று காத்தமுத்துவிடம் சொல்லி அழுதாள். அவன் முழங்கைக்கு மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டு, "ரோடு உனக்குப் பழக்கமில்லாத ஆளு. போகப் போகச் சரியாகிரும்" என்றான். அவனுக்கு எதற்கும் இதே பதில்தான்.

புதன்கிழமை பரமசிவன் முறை. பாலத்தருகே நீட்டிக்கொண்டிருந்த கல்லில் பின்சக்கரம் இறங்கி, உஸ்ஸென்று காற்றுப் போயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். ஏகநாதன் டியூபைக் கழற்றி ஒட்டும்போது சின்னம்மையும் போய்ப் பக்கத்தில் குந்தினாள். டியூபில் சட்டைப் பொத்தானில் இருப்பது போல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

"முள்ளு குத்தினா ஒரு ஓட்டைதானே இருக்கணும்? இது என்னாண்ணே ரெண்டு?"

"இது முள்ளு இல்லீங்க அம்மிணி. ஆளோட பாரம் அமுக்கி, டயரு நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல டியூபு கடிபட்டுப் போச்சுங்க. எந்தச் சைக்கிள எடுத்தாலும் பரமசிவண்ணனுக்கு இப்படித்தான் ஆகுது."

"அப்ப அவருக்குக் காத்துப் பத்தலையா?"

"அதெப்படிங்க பத்தாது? ஐம்பது அடிச்சிருக்குதல்லோ" என்று அவர் சுவரைக் காட்டினார். டியூபை மாட்டி, முள் ஐம்பதைத் தொடும்வரை பம்பை மிதித்தார்.

சின்னம்மைக்கு அன்று முழுவதும் கொழுந்தில் கை ஓடவில்லை. அது என்றைக்குமே ஓடாது என்றாலும் அன்றைக்குக் காரணம் இருந்தது. அதே சைக்கிள், அதே ஐம்பது. அவருக்குக் கீழே நசுங்குகிறது, எனக்குக் கீழே கல்லாகத் துள்ளுகிறது. முகாமில் வாடகைக்கடைக்காரன் சோம்பேறி. அவன் சைக்கிளில் என்றைக்குமே அரைக்காற்றுதான் இருக்கும். அந்த அரைக்காற்றில்தான் அவள் மணலில் விழாமல் ஓட்டினாள். அப்படியென்றால் அந்த ஐம்பது எனக்கானது இல்லை, அவருக்கானதும் இல்லை. இது புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்தவள், மலையைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் சின்னம்மை இறங்கினாள். பின்சக்கரத்து வால்வைத் தளர்த்திக் கொஞ்சம் காற்றை விட்டாள். ஏறி உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். டயர் தரையைத் தொடுகிற இடத்தில் இன்னும் விறைப்பாகவே நின்றது. மறுபடி இறங்கி இன்னும் கொஞ்சம் விட்டாள். விரல்நகம் அளவுக்கு டயர் அமுங்கியபோது, போதும் என்று பட்டது. முன்சக்கரத்தில் இன்னும் சற்றுக் கூடவே விட்டாள். பிறகு போனாள் பாருங்கள்! கல்மேல் சக்கரம் தடவிக்கொண்டு ஏறியது, சேற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்தது. தேவாலாவில் பையை வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டு, ஒன்பது நாற்பத்தெட்டுக்கு ஆபீஸ் மேஜைமேல் வைத்தாள். பையில் ஒரு சொட்டு ஈரமில்லை. எழுத்தர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

சந்தோசம் ஒரு பொல்லாத சமாச்சாரம். சைக்கிளைக் கொட்டகையில் சாத்திவிட்டு, காத்தமுத்துவிடம் சொல்ல அவள் விறகுக்காட்டுக்கு ஓடிவிட்டாள். விட்ட காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும் என்பது அவள் மண்டைக்குள் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏகநாதன் மிஷின் பெல்ட் வாங்கக் கூடலூர் போயிருந்தார். பரமசிவன் சைக்கிளை எடுத்தார், ஏறினார். கேட்டுக்கு வெளியே முதல் இறக்கத்திலேயே இரண்டு சக்கரமும் ஒன்றுபோலச் சப்பென்று போயின. அங்கிருந்து தேவாலாவுக்கும் நடை, தேவாலாவிலிருந்து எஸ்டேட்டுக்கும் நடை. பை வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை.

அப்போதுதான் கந்தன் கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தார். "நேத்துக் காலையில கேட்டுக்கு வெளிய இவ சக்கரத்துக்கிட்ட குந்திக்கிட்டுக் காத்தப் புடுங்கிக்கிட்டிருந்தா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அவ்வளவுதான், எஸ்டேட் பற்றிக்கொண்டது. ஒருவன் சைக்கிளில் இன்னொருவர் காற்றைப் பிடுங்குவது என்றால் அது சின்ன விசயமா? விளக்கில்லாமல் போனாலும் இரண்டு பேராக ஏறிப் போனாலும் போலீஸ்காரன் செய்கிற காரியம் அது. வம்புச் சண்டை போட்டவன் இருட்டில் வந்து செய்துவிட்டுப் போகிற காரியம் அது. காற்றை ஒருவர் நல்லதுக்காக விடுவார் என்று அந்த மலையில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. வேலைக்காக ஒரு மனுசனை எட்டொன்பது மைல் நடக்க வைத்துவிட்டாளே என்று பெண்களே பேசினார்கள். சின்னம்மையால் மறுக்கவும் முடியவில்லை. விட்டது அவள்தான்.

பரமசிவன் மட்டும் திட்டவில்லை. கால் இரண்டையும் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அவளைப் பார்த்ததும், "ஏன் தங்கச்சி, எங்கிட்டக் கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே" என்றார். திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பாள். இதற்கு, ஆறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு சுடுதண்ணீர் ஊற்றி வைக்கத்தான் முடிந்தது.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் துரை மடுவத்துக்கே விசாரிக்க வந்துவிட்டார். கூடைகளோடு நின்ற பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாக நெருங்கினார்கள்.

"காத்த விட்டது நீதானா?"

"ஆமாங்க தொரை. நான்தான் விட்டேன். எனக்காகத்தான் விட்டேன், அவரக் கெடுக்க இல்ல. திரும்ப அடிச்சு வைக்காதது என் தப்பு. மறந்துட்டேன்."

"ஐம்பதுன்னு எழுதியிருக்கு. எதுக்கு விட்ட?"

"எழுதினவருக்கு ஐம்பது சரியா இருந்திருக்கும் தொரை. அவரு என்னா நிறையோ. நான் எத்தன இறாத்தல், பரமசிவண்ணன் எத்தன இறாத்தல்? ரெண்டு பேருக்கும் ஒரே காத்துன்னா எப்படி? அதோ தராசு இருக்கு. எங்க ரெண்டு பேரையும் நிறுத்துப் பாருங்க."

மடுவத்தில் சிரிப்பு வெடித்தது. துரைக்கும் மீசை துடித்தது. "நிறுங்க, பார்ப்போம்" என்றார்.

கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டி ஊஞ்சல்போலக் கட்டி அதில் சின்னம்மையை உட்கார வைத்தார்கள். முள் நின்றது. கந்தன் கணக்கப்பிள்ளை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பெரிய தொண்டையில், "முப்பத்தெட்டு!" என்றார்.

கூடலூரிலிருந்து திரும்பியிருந்த ஏகநாதன் எட்டிப் பார்த்துத் திகைத்தார். "ஏனுங்க கணக்குப்பிள்ளை, முள்ளு நாப்பத்திரண்டுல நிக்குதுங்களே?"

"கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டு" என்றார் கணக்கப்பிள்ளை, கண்ணைச் சிமிட்டாமல். பதினெட்டு வருடப் பழக்கம். தராசில் எது ஏறினாலும் நாலு கிலோ தானாகக் கழிந்துவிடும்.

"நான் என்னா கூடையா? என் மேல எங்க தண்ணி?" என்று சின்னம்மை சாக்கில் தொங்கியபடியே கத்தினாள். அதுவரை அவள்மேல் கோபமாக இருந்த பெண்கள்கூட, "இப்பத் தெரியுதா தொரை, எங்க கொழுந்தெல்லாம் எங்க போகுதுன்னு?" என்று கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை முகம் சிவந்துபோனார். பரமசிவனை நான்கு ஆள் பிடித்து ஏற்றினார்கள். முள் தொண்ணூற்று நாலைத் தொட்டது. "எனக்கு மட்டும் அந்த நாலக் கழிச்சிருங்க கணக்குப்பிள்ளை, ஊட்டுல சொல்லிக்கலாம்" என்றார் அவர்.

பிறகு சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். ஏகநாதன் கடிபட்ட டியூபுகளை ஒட்டி, பம்பை மாட்டி இரண்டு சக்கரத்துக்கும் ஐம்பது அடித்தார். பரமசிவன் ஏறி உட்கார, பின்டயர் இரண்டு பக்கமும் பிதுங்கியது. சின்னம்மை ஏறி உட்கார, அது இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. துரை குனிந்து, பிறகு குந்தி, கடைசியில் சேற்றில் ஒரு முழங்காலே ஊன்றிப் பார்த்தார். பரமசிவனுக்குப் பின்சக்கரத்தில் அறுபது வந்தபோதுதான் டயர் விரல்நகம் அளவில் நின்றது. சின்னம்மைக்கு அதே அளவு முப்பத்தைந்தில் நின்றது.

"முன்சக்கரத்துல ஏன் இன்னும் குறைச்சல்?"

"உக்காருறது பின்னால தொரை. பையைக் கட்டுறதும் பின்னால. முன்சக்கரம் தாங்குறது கைய மட்டுந்தானே? அதுக்கு எதுக்கு அவ்வளவு காத்து?"

துரை எழுந்து முழங்கால் சேற்றைத் தட்டினார். "மறந்ததும் தப்புதான். நேத்து நீ நேரத்துக்கு வந்ததக் கணக்குல சேக்க மாட்டேன். நீ விழுந்ததையும், பரமசிவனோட பஞ்சரையும், இன்னிக்கு அவர் நடந்ததையும் சேக்க மாட்டேன். நாளைக்கு ரெண்டு பேரும் போங்க. காலையில தப்பால் பை பரமசிவன். மத்தியானம் கூடலூர் பஸ்ல பார்சல் பை வருது, அது நீ. அவரவர் காத்து அவரவருக்கு. அளவு கண்டுபிடிச்ச நீயே ரெண்டு பேருக்கும் அடி" என்றார்.

அன்று காம்பராவில் காத்தமுத்து அடுப்பை ஊதிக்கொண்டே, "காலையில பரமசிவண்ணனுக்கு நீதானே காத்தடிக்கப் போற? ஒரு அஞ்சாறு குறைச்சு அடிச்சா யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் பாதி விளையாட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கே அந்த எண்ணம் மடுவத்திலிருந்து திரும்பும் வழியில் ஒருமுறை வந்து போயிருந்தது. அதனால்தான் கோபம் இரட்டிப்பாக வந்தது.

"குறைச்சு அடிச்சிட்டு, அப்புறம் அந்தப் பையில வர்ற சனங்களோட காயிதத்த நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தூக்குறது? போட்டுருவேன் ஒண்ணு!"

"சும்மா கேட்டேம்மா" என்று அவன் அவசரமாக மறுபடி அடுப்பை ஊதினான்.

சனிக்கிழமை காலை அவளே பம்பை மிதித்தாள். பின்னால் அறுபது, முன்னால் நாற்பத்தைந்து. முள்ளை இரண்டு தடவை பார்த்தாள். ஏகநாதன் ஒருமுறை பார்த்தார். பரமசிவன் பார்க்கவே இல்லை. "நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அவர் வளைவில் மறையும்வரை சின்னம்மை பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு சரியாக அடித்துக் கொடுத்துவிட்டோமே, இனி இவர் எங்கே தோற்கப் போகிறார் என்ற எண்ணத்தில் அன்றைக்கு அவளால் கஞ்சிகூடக் குடிக்க முடியவில்லை.

தோற்கத்தான் இல்லை. ஒன்பது நாற்பத்தைந்துக்கே பரமசிவன் மணியடித்துக்கொண்டு ஆபீஸ் முற்றத்தில் வந்து இறங்கினார். முகமெல்லாம் பல். "தொரை, இத்தன வருசமா நான் குண்டு, அதான் டயரு போகுதுன்னு நெனச்சேன். ஊரே அப்படித்தான் சொல்லிச்சு. எம்மேல தப்பே இல்ல தொரை! காத்துத்தான் பத்தல!" என்று கையை விரித்துச் சொன்னார். அந்தப் பெரிய உடம்பு அப்படிச் சந்தோசப்படுவதைப் பார்த்து, பயத்துக்கு நடுவிலும் சின்னம்மைக்குச் சிரிப்பு வந்தது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தேவாலா மழையை மழை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். அது வானம் இறங்கி வந்து உட்கார்ந்துகொள்வது. பார்சல் பை வேறு கனத்தது. தபால் ஆபீஸ் தாழ்வாரத்தில் அவள் அதைக் கேரியரில் கட்டி, ஏறி உட்கார்ந்து, கீழே பார்த்தாள். டயர் அளவுக்கு மேல் அமுங்கியது. சைக்கிள் கடையில் பம்பை வாங்கிப் பின்சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் அடித்தாள். மறுபடி ஏறிப் பார்த்தாள். போதும். பைமேல் படங்கைப் போர்த்தி இறுக்கினாள். தலைக்கு ஒன்றும் இல்லை. பாலத்துக் கல்லில் சக்கரம் ஏறி இறங்கியது. அவள் விழுந்த வளைவில் தண்ணீர் கணுக்கால் உயரத்துக்கு ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். ஐம்பத்தோரு நிமிடத்தில் ஆபீசுக்குள் நுழைந்தாள். தலையிலிருந்து கால்வரை ஒழுகிக்கொண்டு நின்றாள். பை மட்டும் காய்ந்திருந்தது.

ஆனால் பரமசிவன் நாற்பத்தைந்து நிமிடத்தில் வந்திருந்தார். இது அவளுக்கும் தெரியும், மேஜையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரியும். சின்னம்மை தரையைப் பார்த்தாள்.

துரை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெளியே போய்ச் சைக்கிள் டயரைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தார். "ஏகநாதன், தொண்ணூத்தினாலு கிலோவ அறுபது பவுண்டுல இந்த ரோட்டுல தினம் ஓட்டினா டயர் எத்தன மாசம் தாங்கும்?"

"மூணு மாசங்க. மிஞ்சிப்போனா நாலு."

"நாப்பத்திரண்டு கிலோ, முப்பத்தஞ்சுல?"

"அது கெடக்குதுங்க ஒண்ணரை வருசம்."

"அப்ப சின்னம்மை" என்றார் துரை. "ரெண்டு பேருமே நேரத்துக்கு வந்துட்டீங்க. டயர் கோயம்புத்தூர்ல இருந்து வரணும்."

சின்னம்மைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், கையெடுத்துக் கும்பிட வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. "டயருக்காகவா தொரை? நான் அவருக்கு ஒழுங்காக் காத்தடிச்சுக் குடுத்தேனே, அதுக்கு இல்லையா?"

"அதுக்கெல்லாம் வேலை குடுக்கிற வழக்கம் எஸ்டேட்டுல இல்ல" என்றார் துரை, மீசைக்குள் சிரித்தபடி. "டயருக்குத்தான் உண்டு."

பரமசிவன் தொப்பை குலுங்கச் சிரித்தார். டிரையர் அடுப்பு எங்கேயும் ஓடிப் போகாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போக அந்தச் சைக்கிள் தனக்கு வேண்டும், காற்று மட்டும் தங்கச்சிதான் அடிக்க வேண்டும் என்று துரையிடம் அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டார். சின்னம்மை அவர் காலைத் தொடப் போனாள். "அட, எழுந்திரு தங்கச்சி, தரையெல்லாம் ஈரமாக்குற" என்று அவர் விலகிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. எழுத்தர் ஒரு பதிவுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவை உதறினார். எதிரே சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட அவள் நின்றாள். பெயர் எழுதினார். புருசன் பெயர் எழுதினார். வயதை அவள் யோசித்துச் சொன்னாள்.

"நிரந்தர முகவரி?"

முகாமிலும் இதே கேள்வியை மூன்று முறை கேட்டிருந்தார்கள். மூன்று முறையும் கேட்டவரே தலையைத் தூக்காமல் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இந்த எழுத்தரும் பேனாவைக் கோடு இழுக்கத் தயாராக வைத்திருப்பது போலத்தான் அவளுக்குப் பட்டது.

"நாலாம் நம்பர் லயம், மூணாவது காம்பரா, வெள்ளேரிமட்டம் எஸ்டேட், தேவாலா" என்றாள் சின்னம்மை, மூச்சுவிடாமல்.

அவர் எழுதி முடித்தார். அவள் நகரவில்லை.

"என்னம்மா, வேற என்ன?"

"எழுதினத வாசிங்க ஐயா."

அவர் வாசித்தார்.

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.